முன்னால் போனவள்

ஸ்டாசியா வொய்டானெக்குக்குக் குரல் போன வருஷம்தான் சிநேகிதியும் போனாள்.

பென்சில்வேனியா மலையடிவாரத்தில், மின்தடைகள் செய்யும் ரெசிஸ்டர் ஆலையில் ஸ்டாசியாவுக்குத் தெளிப்பு வேலை. உலையில் சிவக்கக் காய்ந்த கண்ணாடிக் குச்சிகள்மீது, வெள்ளீய உப்பும் ஆண்டிமனி உப்பும் கலந்த கரைசலைத் தெளிப்புத் துப்பாக்கியால் தூவ வேண்டும். பட்டதும் மெல்லிய படலமாய் ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்தை எவ்வளவு தடுக்க வேண்டுமோ, கலவை அதற்கேற்ப மாறும். கூடவே அமிலப் புகையும் கிளம்பும். கைக்குட்டை கட்டியும் பலனில்லை. மாதாகோவில் பாடற்குழுவில் உச்சத்தில் பாடியவளுக்குப் பேச்சே கரகரத்துப் போனது.

பக்கத்துத் துப்பாக்கி பெரனீஸ் குபியாக்கினுடையது. ஸ்டாசியாவின் மகளுக்கு ஞானத்தாய். புகைபோக்கி கேட்டு வேலையை நிறுத்தலாம் என்ற யோசனையும் அவளுடையதுதான்.

“நாளைக்கு யாரும் துப்பாக்கியத் தொடக் கூடாதுடி. நீ முன்னால போய்ப் பேசு, பின்னால நாங்க இருக்கோம்” என்றாள், ஞாயிறு பூசை முடிந்து வரும்போது.

“எனக்குத்தான் சத்தமே வரலயே!”

“அதான்டி வேணும். காக்கா மாதிரி கத்து, போதும்.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் மேலாளர் ஹார்லன் முன் போய் நின்றாள் ஸ்டாசியா. “புகைபோக்கி வைக்கிற வரைக்கும் நாங்க தெளிக்க மாட்டோம் சார்.”

“நாங்கன்னா யாரு?”

திரும்பினாள். பெரனீஸ் துப்பாக்கியோடு உலைமுன் நின்றிருந்தாள். மற்ற பெண்கள் அவளைப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராய்த் தங்கள் இடத்துக்கு நகர்ந்தார்கள்.

“வெள்ளிக்கிழமையே பெரனீஸ் எல்லாத்தையும் சொல்லிட்டா” என்றார் ஹார்லன். “இனிமே இங்க அவதான் மேற்பார்வை. நீ கிளம்பலாம்.”

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பு? ஸ்டாசியா மேல்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினாள்.

பிறகு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஈஸ்டருக்கு முந்தின வாரம் பெரனீஸ் கசகசா ரொட்டித் தட்டோடு வாசலில் நின்றாள்.

“பயந்துட்டேன்டி. புள்ளைங்கள வச்சிருக்கேன்ல.”

“பயம்னா சொல்லியிருக்கலாமே, ரெண்டு பேரும் பேசாம இருந்திருப்போம். எல்லாத்தையும் சொல்லிட்டு வந்து, என்னை எதுக்கு முன்னால போகச் சொன்ன?”

பெரனீஸ் தட்டை நீட்டினாள். ஸ்டாசியா ரொட்டியை எடுத்துக்கொண்டு, தட்டைக் கழுவித் துடைத்து அங்கேயே அவள் கையில் கொடுத்தாள். தட்டு வாங்கவென்று அவள் இன்னொரு தரம் வர வேண்டாம்.