மனைவிக்கு வந்த விருது

சினிமாவுக்கு ஒலி அமைக்கும் வேலையில் அவனும் அவளும் ஒரே ஸ்டுடியோவில்தான் சேர்ந்தார்கள், கல்யாணமும் செய்துகொண்டார்கள். விருது மட்டும் மனைவிக்கு வந்தது. "நீங்க கொடுத்து வச்சவர் சார்" என்று வந்தவர்களெல்லாம் சொல்லச் சொல்ல அவனுக்கு வயிறு எரிந்தது.

விருது வாங்கிய அந்தப் படத்தில் குறை கண்டுபிடிக்கவென்றே தியேட்டருக்குத் தனியாகப் போனான். மகன் இறந்த செய்தி கேட்டு, தாய் சமையலறையில் நிற்கும் காட்சி. அழுகை இல்லை, இசை இல்லை. ஃப்ரிட்ஜின் ரீங்காரம் மட்டும். அதுவும் சட்டென்று நின்றபோது அரங்கமே மூச்சுவிட மறந்தது. அவனும்தான். இது நமக்குத் தோன்றவில்லையே என்று மனம் குமைந்தது.

வீட்டுக்கு வந்ததும், "எப்படிங்க இருந்துச்சு?" என்று மனைவி ஆவலாகக் கேட்டாள்.

"ஃப்ரிட்ஜ் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி."

அவள் முகம் வாடியது. "உங்க காது சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அந்த நம்பிக்கை அவனைச் சுட்டது. ஆனாலும் சொன்னதை அவன் மாற்றிக்கொள்ளவில்லை.