காண்டிராக்டர் வீட்டம்மா ஏறிய கப்பல்

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு, இருபத்தேழு மைல் தள்ளியிருக்கும் கடலைப் பார்க்கவில்லை என்றால் ஊர் சிரிக்காதா? போன தீபாவளி லீவில் மச்சான் ஒரு வழி சொன்னார். அவர் அரசாங்க இன்ஸ்பெக்டர். கடற்படை ரோந்துக் கப்பல்களைத் தனியார் காண்டிராக்டர்கள் பழுதுபார்த்து முடித்ததும், வேலை சரியா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. "கையெழுத்து ஆனதும் வெள்ளோட்டம் போகும், வர்றியா?" என்றார். கேட்கவும் வேண்டுமா!

காலை ஏழு மணி வண்டி. மூன்றாம் வகுப்பு டிக்கெட்டுக்கு ஒரு வெள்ளிகூட ஆகாது. கிள்ளானில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம், ஜன்னலுக்கே வரும், விட்டுவிடாதீர்கள். அதற்கப்புறம் கொஞ்ச தூரம் சதுப்புக் காடு, சேற்று வாடை. எட்டரைக்கெல்லாம் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கிவிட்டோம்.

கப்பல் புதுப்பெண் மாதிரி பளபளத்தது. காண்டிராக்டர் முத்தையா ஓடிவந்து வரவேற்றார். அவர் மனைவி கிள்ளான் வீட்டிலிருந்து மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்திருந்தார்; கூடவே இரண்டு பெண் பிள்ளைகள். மச்சான் மேல்தளம், எஞ்சின் எல்லாம் பார்த்தார். அடித்தளப் பலகைகளை மட்டும் இறுக்கி முடுக்கியிருந்ததால் கீழே பார்க்க முடியவில்லை. "அடியில எல்லாம் புதுசு சார், நானே நின்னு பாத்தேன்லா," என்றார் முத்தையா. மறுநாளே கப்பல் கடலுக்குப் போயாக வேண்டும் என்று கேப்டன் வேறு அவசரப்படுத்தினார். மச்சான் பேனாவைத் திறந்துவிட்டார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! "அக்கா, நீங்களும் பிள்ளைங்களோட ஏறுங்களேன், கடல் காத்து வாங்கிட்டு வரலாம்," என்றேன். சின்னவள் குதித்துக்கொண்டு ஏறுபலகையில் கால் வைத்தாள். முத்தையா பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"வேணாம்! இந்தக் கப்பல்ல வேணாம்!"

பாய்லருக்குக் கரி தள்ளும் வேலு பக்கத்தில்தான் நின்றிருந்தான். "அப்ப நாங்க போனா பரவால்லையா, அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டான். மச்சான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

முத்தையா அப்படியே உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிட்டார். அந்தப் பலகைகளுக்கு அடியில், கடல் தண்ணீர் வரும் குழாயில் வெடிப்பு. மாற்றாமல் சிமெண்டு பூசிப் பெயிண்ட் அடித்திருந்தாராம். "தாங்கிரும்னு நெனச்சேன் சார்."

"நெனப்புல கப்பல் மிதக்குமாய்யா?" மச்சான் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

கேப்டன் முணுமுணுத்தும் பயணம் நின்றது. பலகைகளைப் பெயர்த்துக் குழாயை மாற்றும்வரை மச்சான் துறைமுகத்தைவிட்டு நகரவில்லை. அடுத்த ஞாயிறு வெள்ளோட்டம். மச்சான் முத்தையாவுக்கு ஒரே நிபந்தனைதான் போட்டார்: "உங்க குடும்பம் ஏறட்டும். திரும்பி வந்து கையெழுத்துப் போடறேன்."

ஆற்றுமுகம் தாண்டியதும் நீலம், நீலம், அப்படியொரு நீலம்! போகிறவர்கள் எலுமிச்சம்பழம் எடுத்துப்போங்கள். தலை சுற்றினால் மோந்து பார்க்கலாம். தொப்பி வேண்டாம், காற்று பிடுங்கிக்கொள்ளும், என்னுடையது போயேவிட்டது. "இத்தன வருசம் கப்பல் வேல செய்றாரு, ஒரு நாள் எங்கள ஏத்தினாரா?" என்று அந்த அக்கா பூரித்துப் போனார். அவர் கணவரோ கடலைப் பார்க்கவே இல்லை. எஞ்சின் அறை வாசலில் குந்திக்கொண்டு, "வேலு, தண்ணி வருதா?" என்று கேட்டபடியே இருந்தார்.

"வரல அண்ணே!"

"நல்லாப் பாருய்யா!"

கரை சேர்ந்ததும் வேலுவிடம், "மனுஷன் உன்ன ரொம்பப் படுத்திட்டாரே," என்றேன். முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டே சிரித்தான்.

"கேக்கட்டும்லா, அண்ணே. இத்தன வருசமா அடியில கெடக்கேன். தண்ணி வருதான்னு மேலேருந்து ஒருத்தர் கேட்டது இன்னிக்குத்தான்."