தூக்குப்போசியும் என் மென்பொருளும்

மலை இறங்கி வந்தும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

கொட்டச்சேட்டு எஸ்டேட்டில் காபிக்கொட்டை காயவைக்கும் இயந்திரம் தினமும் மதியத்துக்கு முன்னால் ‘சூடு அதிகம்’ என்று காட்டி நின்றுவிடுகிறது. அதை இயக்கும் மென்பொருள் நான் எழுதியது.

இன்று லேப்டாப்பும் கையுமாக மூன்று மணி நேரம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

கொட்டை அள்ளும் செல்வி வந்தார்.

“ஏனுங்க, சோறு ஆறக்கூடாதுன்னு நாங்க எல்லாரும் தூக்குப்போசிய அந்தச் சூட்டுக்காத்து வெளிய போற ஓட்டை மேலதானுங்க வெப்போம். அதுல அடைச்சுக்குதுங்களா?”

போசிகளை இறக்கியதும் இயந்திரம் நிற்காமல் ஓடியது.

“நொம்பக் கெட்டிக்காரி செல்வி நீ!” என்றார் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர். ஆறு வருஷமாகப் போகிறேன், என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அறிக்கையில் ‘மென்பொருளில் சிறு திருத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நீங்களாக இருந்தால் செல்வி பெயரை எழுதியிருப்பீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.