அந்தோனியார் திமிங்கிலம்

2023 ஓகஸ்ட் 12, சனிக்கிழமை, மாலை 5.40. வானத்தில் முகிலில்லை, சோளகக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. தாழ்வுபாட்டில் மீன் வாங்கிக்கொண்டு தோட்டவெளிக்குத் திரும்பும் வழியில், அந்தத் திமிங்கிலத்தின் வாய்க்குள் புகையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கினேன்.

புயலில் உடைந்த தன் பைபர் படகைத் தெருவோரம் வேலியருகே இழுத்து வைத்து, கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த இன்னொன்றை அதன்மேல் கவிழ்த்து, ஒரு மீனவர் எட்டு மாதத்தில் செய்தது அது. கண்கள் மோட்டார்சைக்கிள் விளக்குகள், வால் தார்ப்பீப்பாத் தகரம், தோல் கிழிந்த வலை. காற்றடித்தால் மூச்சு விடுவதுபோலவே தோல் அசையும். அப்படியொரு கை அவருக்கு. பற்கள் வலை மிதப்புகள்; அவை மட்டும் வலப்புறம் 24, இடப்புறம் 22. ஒருநாள் சுட்டிக்காட்டினேன்.

"வயசான திமிங்கிலம் ஐயா, ரெண்டு விழுந்திட்டுது. உங்களுக்கு எத்தினை மிச்சம்?"

நாக்கால் தடவி எண்ணினேன்: பதினொன்று.

கீழ்ப்படகில் 'புனித அந்தோனியார்' என்ற பெயர் அழியாமல் இருந்தது. அதைக் கண்டவர்கள் முதலில் சிலுவை போட்டார்கள். பிறகு மெழுகுதிரி கொண்டுவந்தார்கள். வெளியே காற்று அணைத்துவிடுமென்று வாய்க்குள் வைத்தார்கள். அன்று ஏழு திரிகள். ஒன்று சரிந்து ஒரு பல்லை உருக்கிக்கொண்டிருந்தது. அது பற்றினால் வலை, படகு, நாலடியில் ஓலைவேலி, பிறகு வீடு. மணலை அள்ளிப் போட்டேன்.

எட்டாவது திரியோடு வந்த மீன்காரப் பெண் பார்த்துவிட்டாள். "என்ன அண்ணை, அந்தோனியாருக்கே மண் போடுறியளோ?"

சத்தம் கேட்டு மீனவர் வீட்டுக்குள்ளிருந்து வந்தார்.

"அந்தப் பேருக்கு மேல பெயின்ற் அடியுங்கோ தம்பி," என்றேன்.

"சாமியார் தீர்த்தம் தெளிச்சு ஆசீர்வதிச்ச பேர் ஐயா. படகு செத்தாலும் பேரை அழிக்கிறேல்லை."

"அப்ப திரி வைக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

"அந்தோனியாரிட்ட வாற சனத்தை நானோ மறிக்கிறது?" உருகிய பல்லைத் தொட்டுப் பார்த்தார். "வீட்டுக்குள்ள பிள்ளையள் படுக்கிறதுகள். நாளைக்குப் பூசை முடிய இதைக் கழட்டுறன்."

திரி வைக்க எரியாத ஒன்று வேண்டும். காற்றை மறிக்க வேண்டும். வெளிச்சமும் தெரிய வேண்டும். வீட்டுக்கு வந்தபோது உடுப்புத் தோய்க்கும் மெஷின் கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் இருக்கும் உருளை துருப்பிடிக்காத இரும்பு, உடம்பெல்லாம் துளை.

காலையில் மனைவி பூசைக்குப் போன கையோடு மெஷினை வாடகை லான்ட்மாஸ்டர் உழவுவண்டியில் ஏற்றினேன். மீனவர் பூசை முடிந்து வரும்போது அதோடு அவர் வாசலில் நின்றேன்.

"ஐயா, இது ஓடுற மெஷினல்லோ!"

"ஓடுது. கழட்டுங்கோ."

உருளையை மட்டும் எடுத்தார். திமிங்கிலத்துக்குப் பத்தடி முன்னால், திரி வைப்பவர் கண் பெயரைப் பார்த்திருக்கும்படி கிடத்தினார். காற்றுப்பக்கத் துளைகளைத் தகரத்தால் அடைத்தார். ஒரு தாங்கி போதுமென்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரோ மெஷின் மூடியை வெட்டி வாலும் செட்டையும் வைத்துவிட்டார்.

மீன்காரப் பெண் முதல் திரியை அதற்குள் வைத்தாள். துளைகளெல்லாம் செதில்செதிலாய் மின்னின.

"குட்டியும் போட்டுட்டுது!" என்றாள்.

திமிங்கிலத்தைக் கழற்றவில்லை. வீட்டில் மனைவி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "உடுப்பை இனி ஆர் தோய்க்கிறது?" புது மெஷின் 86,500, பழையதைக் கொண்டுபோன கூலி 1,200, புதியதைக் கொண்டுவந்த கூலி 1,800. ஆக, 89,500 ரூபா.