ரிமோட் காருக்கு ஒரு கிளீனர்

நெம்மேலிக் கடற்கரையில்தான் அவரைப் பார்த்தேன். மடித்துக் கட்டிய லுங்கி, கரகரத்த குரல். தண்ணீர் லாரி ஓட்டுகிறவராம். தன் மகள் ரிமோட்டில் ஓட்டிய முழ நீளக் காருக்குப் பின்னால், "வா வா வா, ரைட்ல ஒடி, போலாம் ரைட்டு!" என்று கூவிக்கொண்டே லாரி கிளீனர் மாதிரி ஓடினார். நானும் என் மகனுக்காக ஒரு கார் கொண்டுபோயிருந்தேன். ரிமோட் மட்டும் என் கையில்.

திடீரென்று அந்தச் சிறுமியின் கார் அலையை நோக்கிப் பாய்ந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் மோட்டார் போச்சு!

"ரிமோட்டை வாங்குங்க அண்ணே!" என்று கத்தினேன்.

அவரோ காருக்கு முன்னால் ஓடி, முழங்காலளவு அலையில் நின்றுகொண்டு, "லெப்ட்ல ஒடிம்மா! ஒடி, ஒடி, ஒடி!" என்றார். நுரையைத் தொடாமல் கார் திரும்பியதைப் பார்க்கணுமே! நானும் சேர்ந்து விசிலடித்தேன்.

"நீங்களே வாங்கித் திருப்பியிருக்கலாமே?"

"இன்னா சார் நீ! அவ டிரைவரு, நான் கிளீனரு. கிளீனர் வந்து ஸ்டியரிங்கப் புடுங்கினா டிரைவருக்கு இன்னா மருவாதி கீது?"

என் மகன் என்னிடம் கை நீட்டினான். ரிமோட்டைக் கொடுத்தேன்.

"ஓடுப்பா!" என்றான்.

அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் மணலில் ஓடும்போது என் தொண்டையிலிருந்து வருவது அவர் குரல்தான்.