நாய்களை அவிழ்த்துவிட்டது நான்தான்

கரடி என் மச்சானின் நெஞ்சில் ஏறி இருந்தது. அவருடைய முகத்தை அது கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. என் கையில் கோடாலியின் பிடி மட்டும்தான் மிச்சம். 1981ஆம் ஆண்டு, ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில். இனி எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வற்றாப்பளைக் கோயில் அம்மாளை நம்பியிருக்கிற உங்களுக்கு அன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபத்தேழு கலவரத்தில் நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளை எரித்தார்கள். உடுத்த துணியோடு, தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வவுனியாவுக்கு வடக்கே வந்து இறங்கினேன். இந்தக் கையால் ஐந்து ஏக்கர் காடு வெட்டினேன். தனியாளாகக் கிணறு தோண்டினேன். அந்தப் பக்கத்தில் முதன்முதலில் தண்ணீர் இறைக்கும் மெசின் வாங்கியவன் நான்தான், யாரையும் கேட்டுப் பாருங்கள். தங்கச்சியை இந்த மண்ணிலேயே பிறந்த ஒரு நல்ல மனிசனுக்குக் கட்டிக்கொடுத்தேன். அவர்தான் என் மச்சான். காட்டில் தேன் எடுக்கிறவர். அதிகம் கதைக்கமாட்டார்.

மலையில் பிறந்த எனக்கு நாலு வருசமாகச் சமதரையைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. எங்கள் குடியிருப்பிலிருந்து ஆறு மைல் தள்ளிக் காட்டுக்குள் ஒரு கல்மலை இருக்கிறது. ஒருநாள் போய் ஏறிவிட்டு வருவோம் என்று நான்தான் மச்சானை இழுத்தேன். பாலைப்பழக் காலம், பழம் தின்னக் கரடி வரும், போகவேண்டாம் என்று தங்கச்சி மறித்தாள். அப்போது அவளுக்குக் கைக்குழந்தை. நான் கேட்கவில்லை. ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு விடியப் புறப்பட்டோம். கறுப்பன், வெள்ளச்சி என்று என் நாய்கள் இரண்டும் கூட வந்தன.

மலையடியில் மச்சான் நின்றார். "மச்சான், நாயளை இதில கட்டிப்போட்டு ஏறுவம். பாலை பழுத்திருக்கு, கரடி மேல கல்லிடுக்கில படுத்திருக்கும். நாய் போய்ச் சீண்டிப்போட்டு எங்களிட்டத்தான் திரும்பி ஓடிவரும்" என்றார்.

இந்தக் காட்டில் நடக்கிற எல்லோருக்கும் தெரிந்த விசயம் அது. நான் தோட்டத்தில் நாயை முன்னுக்கு விட்டுப் பன்றி கலைத்தவன். எனக்கு யார் சொல்லித்தருவது?

"எங்க பக்கம் நாய்தான் முன்னுக்குப் போகும். இதெல்லாம் ஒரு மலையா மச்சான்? எங்க மலைக்குப் பக்கத்துல வச்சா ஆட்டுப் புழுக்கை."

அவர் சிரித்தார். "புழுக்கையும் வழுக்கும். பார்த்து ஏறுங்கோ."

நான் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

பாதி ஏறியிருப்போம். மேலே குரைப்புச் சத்தம். பிறகு கறுப்பன் ஒருமுறை கத்தினான், அவ்வளவுதான். வெள்ளச்சி வாலைச் சுருட்டிக்கொண்டு நேராக என் காலுக்குள் ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் கரடி வந்தது. நான் ஒதுங்கினேன். ஒதுங்கியதையும் எழுதத்தான் வேண்டும். எனக்குப் பின்னால் நின்ற மச்சான்மேல் அது விழுந்தது.

ஒரே அடியில் அவருடைய தலைத்தோல் நெற்றியிலிருந்து உரிந்து தொங்கியது. நான் கோடாலியால் கரடியின் முதுகில் வெட்டினேன். மயிருக்குள் அது இறங்கவே இல்லை. மறுபடி வெட்டினேன். அலகு அதன் தோளில் சிக்க, பிடி முறிந்தது. கரடி திரும்பி ஒரு வீச்சு வீசியது. என் இடக்கையில் இரண்டு விரல் போய்விட்டது. அது மறுபடியும் அவரிடமே போனது.

நான் பாறையில் கிடந்து அம்மாளைக் கூப்பிட்டேன். ஊரிலேயே பெரிய வெண்கல மணி வாங்கித் தருகிறேன் என்றேன். அந்த நேரத்திலும் ஊரிலேயே பெரியது என்றுதான் என் வாயில் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மச்சான் கத்துவதும் நின்றுவிட்டது. அப்போதுதான் என் நெஞ்சு உடைந்தது.

"தாயே, நாயை அவுத்தது நான்தான். அவரு வேணாம்னாரு. அத எல்லாருக்கும் முன்னால என் வாயால சொல்றேன். என் தங்கச்சிக்கு அவர விட்டுக் குடு."

சொல்லி வாய் மூடவில்லை. எங்கோ கல்லுக்குள் ஒளிந்திருந்த வெள்ளச்சி பாய்ந்து வந்து கரடியின் பின்னங்காலைக் கவ்வினாள். அது திரும்பி அவளைக் கிழித்தது. அவள் விடவில்லை. இரண்டும் உருண்டு சரிவில் விழுந்தன. கரடி காட்டை முறித்துக்கொண்டு ஓடியது. வெள்ளச்சி எழும்பவில்லை. அவள் வாய் நிறையக் கறுப்பு மயிர்.

மச்சானுக்கு மூச்சிருந்தது. தொங்கிய தோலை எடுத்து வைத்து என் இடுப்புச் சாரத்தைக் கிழித்துக் கட்டினேன். ஆறு மைலும் முதுகில் சுமந்தேன். ரோட்டில் விறகு ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றது. அதில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். வார்டில் வந்தவன் போனவனுக்கெல்லாம் நான் கரடி வெட்டிய கதையைச் சொன்னேன். நாய்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாகத் தங்கச்சியிடம் சொன்னேன். தாடையைக் கட்டியிருந்ததால் மச்சானால் பேச முடியாது. மிச்சமிருந்த ஒரு கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் காயம் நாறியது. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. சொந்தக்காரருக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டொக்டர்.

அம்மாளிடம் சொன்ன சொல் அப்போதுதான் என் கழுத்தைப் பிடித்தது. வார்டு நடுவில் நின்று, நோயாளிகள், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்கச் சொன்னேன். நாயை அவிழ்த்தது நான். அவர் தடுத்தார். கரடி வரும்போது ஒதுங்கியதும் நான்.

தங்கச்சி குழந்தையைக் கட்டிலில் கிடத்தினாள். கையில் இருந்த செம்பால் என் மண்டையில் அடித்தாள். இரத்தம் கண்ணுக்குள் வந்தது.

"இத்தன நாளா வாயால அளந்தியே அண்ணே. போ. அவரு கண்ணு முன்னால நிக்காத."

வெளியே போய் மதில் ஓரத்தில் இருந்து அம்மாளை நினைத்து அழுதேன். மறுநாள் விடியக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. மருந்து பிடித்துவிட்டது என்றார் டொக்டர். அந்த மருந்தைப் பிடிக்க வைத்தவள் யார் என்று எனக்குத் தெரியும்.

தங்கச்சி பத்து மாதம் என்னோடு பேசவில்லை. அடுத்த வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு எல்லோரும் போனோம். அங்கே அவளே ஒரு இலையில் பொங்கல் போட்டு, "சாப்புடுண்ணே" என்று என் முன்னால் வைத்தாள்.

ஏக்கர் கணக்கையும் மெசினையும் நான் இன்னும் பெருமையாகச் சொல்கிறேன்தான். ஆனால் செய்த பிழையை மறைப்பதை அன்றோடு விட்டேன். நீங்களும் அம்மாளிடம் போங்கள். என்ன கொண்டுபோவது என்று யோசிக்கவேண்டாம். சொல்ல வெட்கப்படுகிற அந்த ஒன்றைச் சொல்லுங்கள், அவள் கேட்பாள். நம்பிக்கை வராவிட்டால் வைகாசியில் வற்றாப்பளைக்கு வாருங்கள். ஒற்றைக் கண்ணோடு ஒருவர் பொங்கல் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருப்பார். அவரிடம் கேளுங்கள். நான் கூட்டிச் சொன்னது ஏதும் இருந்தால் அவர் குறைத்துச் சொல்வார்.