இரண்டு விரல் நீட்டிய மட்டை

அக்காவின் வலது மணிக்கட்டு இனித் தேறாதாம். மருத்துவர் சொன்னாரா, அத்தான் சொன்னாரா தெரியாது. அத்தானின் தங்கை சொன்னதாக என் மனைவி சொன்னாள். தூரதேசத்தில் இருப்பவனுக்கு எல்லாச் சேதியும் 'ஆம்' போட்டுத்தான் வருகிறது.

அக்கா கோல்ஃப் பயிற்சித் திடலில் பந்து பொறுக்கச் சேர்ந்து, அங்கேயே பயிற்சியாளர் ஆனவள். முறுக்கிக்கொண்டு அடிப்பவர்களைக் கண்டால் ஆகாது. "விறகா பொளக்குறீங்க? காலால தரையை அழுத்துங்க. இடுப்பு திரும்பட்டும், கை தானா வரும்." மட்டை ஒரு நெம்புகோல், மணிக்கட்டை மடித்தே இறக்கிக் கடைசியில் அவிழ்த்தால் இங்கே விரலளவு அசைவு அங்கே முழம் முழமாக வீசும் என்பாள். தரையில் இடித்தாலோ, அதே நெம்புகோல் அடியைத் திருப்பிக் கைக்கே அனுப்பும். சிமெண்டுத் தரையில் விரித்த ரப்பர் மேல் வருடக்கணக்காக அடித்து அடித்துத்தான் அவள் கை போயிற்று.

இந்த வருடம் புது மேலாளர். பயிற்சியாளர்கள் புல்வெளியில் இறங்கி, தூரக் கொடியைத் தாண்டி அடித்துக் காட்ட வேண்டும்; தேர்வு இன்று. தாண்டாதவர்களுக்கு வரவேற்பு மேசை.

நேற்று பேசினேன்.

"கை எப்படிக்கா இருக்கு?"

"கை கையாத்தான் இருக்கு. யாருடா உனக்கு ஓதினது?"

"விட்டுடேன்கா. மேசை வேலைன்னா கேவலமா?"

"உங்க அத்தானும் இதையேதான் சொன்னாரு. அவரோட பேச்சை நிறுத்தியாச்சு. உன்னோடயும் நிறுத்தவா? மட்டை புடிக்காம நான் யாருடா?"

பிறகு அவளே சொன்னாள். வலியில் வேகம் வரவில்லை. ரிப்பேர்காரரிடம் கொடுத்து மட்டையை இரண்டு விரல் நீட்டிவிட்டாளாம். "கோல் நீண்டா வீச்சு கூடும்ல? பாரு, எங்க போகுதுன்னு."

ரப்பர் விரிப்பில் நின்று அவள் அடிக்கும் வீடியோ வந்தது. பந்து கொடியைத் தாண்டித்தான் விழுந்தது. எனக்கும் மனசு ஆறியது.

இன்று மனைவிக்குக் காட்ட மறுபடி ஓட்டியபோதுதான் அக்காவின் கால்களைப் பார்த்தேன். நீண்ட மட்டைக்குப் பந்திலிருந்து சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். அதை எல்லோருக்கும் சொல்கிறவள், பழக்கதோஷத்தில் பழைய இடத்திலேயே நிற்கிறாள். மட்டையின் தலை பந்துக்கு நான்கு விரல் முன்பாகவே தரையில் இடிக்கிறது. ரப்பர் வழுக்கிவிடுவதால் பந்து எப்படியோ பறக்கிறது, அவளுக்கும் தெரியவில்லை. புல் வழுக்காது. மண் மட்டையைக் கவ்விக்கொள்ளும். நீட்டிய நீளத்தின் பாரமும் சேர்ந்து அந்த மணிக்கட்டில்தான் இறங்கும்.

அங்கே இப்போது தேர்வு நேரம். அழைத்தேன்; எடுக்கவில்லை. அத்தானை அழைத்தேன்.

"எங்கிட்ட சொல்லிட்டா போனா? மட்டையைத் தூக்கிட்டுக் காலையிலேயே கிளம்பிட்டா, மாப்ளே. என்ன விஷயம்?"

"தள்ளி நிக்கச் சொல்லணும், அத்தான்."

"யாரை?"

விளக்க நேரமில்லை. வைத்துவிட்டு மறுபடியும் அவளை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.